இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், ஹஜ்ரத்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



மூன்று வாரங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பி.காம். முடித்து மூன்று வருடம் ஆகிறது. பேக்கரி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கைபேசியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கேக் செய்யும் பயிற்சி, டேலி, ஜிஎஸ்டி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், பேக்கிங் என்று ஒன்பது சான்றிதழ்கள் இருந்தன. "மாஷா அல்லாஹ்! இதுவரைக்கும் எத்தனை கேக் வித்திருக்கீங்க தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், ஹஜ்ரத்" என்றார்.

இதே மஹல்லாவில் இன்னொரு தம்பி இருக்கிறார். அவர் இதற்கு நேர் எதிர். இரண்டு மாதம் வீடியோ பார்த்துவிட்டு வயரிங் வேலைக்கு இறங்கிவிட்டார். துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கணவரை இழந்த ஒரு தாய் வீட்டில் அவர் போட்ட இணைப்பில் சுவிட்ச் போர்டு கருகி, குளிர்சாதனப் பெட்டி போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஒருவர் கற்றுக்கொண்டே இருக்கிறார், இறங்கவில்லை. மற்றவர் இறங்கிவிட்டார், கற்கவில்லை. எவ்வளவு கற்ற பிறகு ஒரு தொழிலில் இறங்கலாம்? இது வியாபாரிகள் பேச வேண்டிய விஷயம், மிம்பரில் எதற்கு என்று நினைக்காதீர்கள். இதில் இன்னொரு மனிதரின் பணம் இருக்கிறது, உடல் இருக்கிறது, உரிமை இருக்கிறது. மனிதர்களின் ஹக் சம்பந்தப்பட்ட எதுவும் மார்க்கத்திற்கு வெளியே இல்லை.

முதலில் கற்பதன் பக்கம் பார்ப்போம். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில், மார்க்க விளக்கம் இல்லாதவர் நம் கடைவீதியில் விற்க வேண்டாம் என்று சொன்னதாகத் திர்மிதியில் பதிவாகி இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் இதை வலியுறுத்துகிறார்கள். வியாபாரத்தில் இறங்குகிறவருக்கு அந்த வியாபாரத்தின் சட்டங்களைத் தெரிந்துகொள்வது கடமை. எது வட்டி, எது மோசடி, எந்த ஒப்பந்தம் செல்லாது என்று தெரியாதவன் ஹராமில் விழுவான், விழுந்ததும் அவனுக்குத் தெரியாது.

மார்க்கச் சட்டம் மட்டும் போதுமா? போதாது, தொழில் அறிவும் வேண்டும். மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு அபூதாவூதில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்ற பதில் அங்கே செல்லாது. ஃபுகஹாக்கள் இந்த ஹதீஸை வைத்துக்கொண்டு பல தொழில்களுக்குச் சட்டம் எடுத்திருக்கிறார்கள். நம் வயரிங் தம்பியும் இதற்குள் வருகிறார்.

இப்போது மறுபக்கம். அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். உன் வீட்டில் ஒன்றும் இல்லையா என்று கேட்டார்கள். ஒரு முரட்டுத் துணி இருக்கிறது, பாதியைப் போர்த்திக்கொள்கிறோம், பாதியை விரித்துக்கொள்கிறோம், தண்ணீர் குடிக்க ஒரு கிண்ணமும் இருக்கிறது என்றார். இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, தோழர்கள் மத்தியில் ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார், இன்னொருவர் இரண்டு திர்ஹத்திற்கு வாங்கினார். ஒன்றில் வீட்டுக்கு உணவு வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றதில் கோடரி வாங்கி வரச் சொன்னார்கள். அதற்குத் தம் திருக்கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் தம் கண்ணில் பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்து திர்ஹத்தோடு வந்தார்.

இதில் பயிற்சி வகுப்பு எங்கே இருக்கிறது? சந்தை ஆய்வு எங்கே இருக்கிறது? விறகை எங்கே வெட்டுவது, எந்தத் தெருவில் விலை போகும், எத்தனை கட்டாகக் கட்டுவது என்று எதையும் நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. அதையெல்லாம் அந்தப் பதினைந்து நாள் கற்றுக் கொடுக்கும் என்று விட்டுவிட்டார்கள். மருத்துவத்தில் அவ்வளவு கண்டிப்பு, விறகில் இவ்வளவு அவசரம். இரண்டையும் சொன்னது ஒரே நபி. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

நான் புரிந்துகொண்ட வரையில், நஷ்டம் யாருடையது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. வைத்தியருக்குத் தெரியாமல் போனால் நோயாளி சாகிறார். விறகுவெட்டிக்குத் தெரியாமல் போனால் அவருடைய அன்றைய உழைப்பு வீண், அவ்வளவுதான். என் அறியாமையின் விலையை இன்னொருவர் கொடுக்க வேண்டி வந்தால், கற்ற பிறகுதான் எனக்கு இறங்க அனுமதி. விலை என் பையிலிருந்து மட்டும் போகும் என்றால், அல்லது என் மானம் கொஞ்சம் போகும் என்றால், அதைச் சாக்காக வைத்து நான் உட்கார்ந்திருக்க முடியாது.

இதை நான் கிதாபில் படித்து மட்டும் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்கத்தை விட்டு உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தேன் வியாபாரம் செய்ய ஆசைப்பட்டேன். இமாமத் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், அதை இங்கே பேச வேண்டாம். நம் கல்வராயன் மலை பக்கத்திலேயே இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் வெள்ளிமலை. அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, அந்தப் பெயரே கொண்ட நம் மலைமக்கள்) தேன், புளி, கடுக்காய் எல்லாம் சேகரிக்கிறார்கள். தேனைப் பற்றி எனக்குத் தெரியாததா? அந்நஹ்ல் அத்தியாயத்திற்கு எத்தனை தஃப்ஸீர் புரட்டியிருக்கிறேன்! தேன் பற்றி மட்டும் நான்கு ஜும்ஆ பயான் செய்திருக்கிறேன். அப்படியே மூன்று வருடம் படித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் திடீரென்று வேகம் வந்து, மலைக்குப் போய் இருபது கிலோ வாங்கி, பாட்டிலில் அடைத்து, உங்களில் சிலருக்கே விற்றேன். அதில் பலர் இந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஒரு மாதத்திற்குள் பாட்டில் மூடிகள் உப்ப ஆரம்பித்தன. திறந்தால் நுரை, புளித்த வாடை. மறுபடியும் மலைக்குப் போய், தேன் எடுக்கும் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்தார். "அடை மூடாத தேனு பாய் அது. மழைக்கு முன்னாடி எடுத்திருக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

தேனீ தேனை அறையில் நிரப்பி, சிறகால் விசிறி, நீரை வற்ற வைத்த பிறகுதான் மெழுகால் மூடுகிறது. மூடுவதற்கு முன் எடுத்தால் அதில் நீர் அதிகம். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் நீர் இருந்தால் தேன் புளிப்பதற்கு வாய்ப்பு அதிகம். மூன்று வருடப் படிப்பில் எனக்குக் கிடைக்காதது, மலையில் ஒரே கேள்வியில் கிடைத்தது. ஆக இரண்டு தவறும் என்னிடமே இருந்தன. கற்க வேண்டிய இடத்தில் கற்கவில்லை, கற்கத் தேவையில்லாததை வருடக்கணக்காகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போது அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் என் நெஞ்சைச் சுட்டது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள். அந்த வியாபாரிக்காவது ஈரம் இருப்பது தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது. தெரியாததால் நான் மோசடிக்காரன் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், வாங்கியவருடைய காசு என் பையில் இருக்கிறதே? வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டுத் துணி வியாபாரி. அவர்களுடைய கூட்டாளி ஒரு குறையுள்ள துணியை, குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாததால் அந்தப் பணத்தை முழுவதும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்காவது நீங்கள் எல்லாரும் தெரிந்த முகங்கள்.

சரி, அடுத்தவருக்குத் தீங்கு வராமல், அதே நேரம் உட்கார்ந்தும் விடாமல் எப்படிக் கற்பது? நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் அந்தப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். (உருவங்கள் செதுக்குவது பற்றிய நம் மார்க்கச் சட்டம் வேறு தலைப்பு. இன்று நான் பேசுவது அவர்கள் கற்கும் முறையைப் பற்றி மட்டும்.) ஒரு பட்டறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு சிறு வயதுக்காரர் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கதவுப் பலகையின் ஓரத்தில் சின்னப் பூவேலை செய்துகொண்டிருந்தார். நடுவில் இருக்கும் நுணுக்கமான வேலையை மூத்தவர் தாமே செய்தார். மூவரும் ஒரே கதவில்தான் வேலை செய்கிறார்கள். அந்தக் கதவு விற்பனைக்குப் போகிறது. கற்பவர் கையில் உளி முதல் நாளே வந்துவிடுகிறது, ஆனால் வாடிக்கையாளரின் விலையுயர்ந்த மரம் அவர் கையில் இன்னும் வரவில்லை. தவறினால் தேய்த்துச் சரிசெய்யக்கூடிய இடம் மட்டும் அவருக்கு.

உமர் (ரலி) அவர்களும் இப்படித்தான் கற்றார்கள். மதீனாவின் மேட்டுப்பகுதியில் வீடு. பக்கத்து வீட்டு அன்சாரித் தோழரும் அவர்களும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குப் போவார், மறுநாள் அவர் போவார். போனவர் கேட்டதை மற்றவருக்கு வந்து சொல்வார். போகாத நாளில் பிழைப்பு. இது புகாரியில் இருக்கிறது. இதில் இழப்பே இல்லையா? இருந்தது. வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பது சம்பந்தமான ஒரு ஹதீஸ் பிற்காலத்தில் பேசப்பட்டபோது, கடைவீதி வியாபாரம் என்னை இதிலிருந்து திருப்பிவிட்டது என்று உமர் (ரலி) அவர்களே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்கள். நடந்துகொண்டே கற்பவருக்குச் சில பாடங்கள் தவறிப்போகும். அதற்காக அவர்கள் கடைவீதியையும் விடவில்லை, சபையையும் விடவில்லை.

இந்த இடத்தில் பலர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களைச் சொல்வார்கள். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள், சஅத் பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றபோது வேண்டாம், கடைவீதியைக் காட்டுங்கள் என்றார்கள், பெரிய செல்வந்தர் ஆனார்கள் என்று. உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி இளைஞர்களை அவசரப்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் மக்காவின் குறைஷி வியாபாரி. ஊர்தான் புதிது, தொழில் பழையது. அப்படி இருந்தும் பனூ கைனுகா சந்தையில் எதை வைத்து ஆரம்பித்தார்கள்? பாலாடைக் கட்டியும் நெய்யும். அன்றாடம் விற்றுத் தீரும் சின்னச் சரக்கு.

இந்தக் காலத்திலும் ஓர் உதாரணம் சொல்கிறேன், நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்தான். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து ஷாம்பு தொழில் ஆரம்பித்தார் என்று எல்லாரும் அந்தப் பதினைந்தாயிரத்தை மட்டும் சொல்கிறார்கள். அதற்கு முன் அவர் குடும்பத்தின் ஷாம்பு தொழிலிலேயே இருந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. வேறொருவரின் கூரைக்குக் கீழே கற்றுவிட்டு, தன் சின்னக் காசோடு வெளியே வந்தார்.

சின்னக் காசு என்பது நமக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் மானியத்தோடு கடன் திட்டங்கள் சொல்வார்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் இலவசமாகவே தொழில் கற்றுத் தருகிறார்கள், தாராளமாகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கடன் என்று வரும்போது அதில் வட்டி இருக்கிறது, நமக்கு வழி அடைபடுகிறது. இதைக் குறையாக நினைத்துப் பெருமூச்சு விடுபவர்களைப் பார்க்கிறேன். எனக்கு இதில் ஒரு பாதுகாப்பு தெரிகிறது. பத்து லட்சம் கடன் வாங்கி இறங்குகிறவர் முதல் நாளே எல்லாம் தெரிந்தவராக இருந்தாக வேண்டும், அவருக்குத் தவறு செய்ய இடமே கிடையாது. கிண்ணத்தை விற்றுக் கோடரி வாங்கியவருக்குத் தவறு செய்து கற்க இடம் இருக்கிறது. இன்னொருவர் முதல் போட, நீங்கள் உழைக்க, லாபத்தைப் பங்கிடும் முளாரபா முறையும் இருக்கிறது. அப்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். அவர் பணத்தைத் தொடும் நிமிடத்தில் உங்கள் அறியாமையின் விலையை அவரும் கொடுக்கிறார். அங்கே கற்றல் மறுபடியும் கடமையாகிவிடுகிறது.

பேக்கரி தம்பியிடம் திரும்பி வருகிறேன். அவரிடம் நான் பேசப் பேச, அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று புரிந்தது. பயம்தான். ஊர் சிரிக்குமோ என்ற பயம். கல்வியின் உடையைப் போட்டுக்கொண்டு வந்த பயம் அது. அந்த உடையில் வந்தால் வீட்டிலும் யாரும் கேள்வி கேட்பதில்லை, பையன் படிக்கிறான் என்று விட்டுவிடுகிறார்கள். ஜைத் பின் அர்கம் (ரலி) அறிவிக்கும் ஒரு துஆவில் நபி (ஸல்) அவர்கள் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாவல் தேடுகிறார்கள். அதே துஆவில், பயன் தராத கல்வியிலிருந்தும் பாதுகாவல் தேடுகிறார்கள். பல வருடம் ஓதியும் இவை ஏன் ஒரே துஆவில் வருகின்றன என்று நான் யோசித்ததில்லை. அந்தத் தம்பியைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

"ஏழு மாசமா இஸ்திகாரா தொழுறேன் ஹஜ்ரத், கனவு ஒண்ணும் வரல" என்று வேறு சொன்னார். இஸ்திகாராவில் கனவு வர வேண்டும் என்று எந்த ஹதீஸிலும் இல்லை. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், ஒரு காரியத்தைச் செய்ய எண்ணிவிட்டவருக்குத்தான் அந்தத் தொழுகை சொல்லப்பட்டிருக்கிறது. அது நாட்டம் கொண்டவரின் துஆ, நாட்டத்தைத் தள்ளிப் போடுபவருக்கு உரிய ஒத்திவைப்பு அல்ல. குர்ஆனும் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் இந்த வரிசையில்தான் சொல்கிறது. ஆலோசனை முதலில், பிறகு உறுதி, பிறகு தவக்குல். உஹதுக்கு முன் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். முடிவாகிக் கவசம் அணிந்த பிறகு தோழர்கள் தயங்கினார்கள். அணிந்த கவசத்தை அவர்கள் கழற்றவில்லை.

நாங்கள் இருவரும் ஒரு தாளில் எழுதினோம். ஒரு பக்கம், தெரியாவிட்டால் வாங்குபவருக்குத் தீங்கு வரும் விஷயங்கள்: முட்டையும் பாலும் கெடாமல் வைப்பது, எசன்ஸில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது, எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. மறுபக்கம், தெரியாவிட்டால் இவருக்கு மட்டும் நஷ்டம் வரும் விஷயங்கள்: கடையின் பெயர், அலங்காரம், எந்த பலகாரம் போகும், எந்த நேரத்தில் போகும். முதல் பக்கத்தில் பதிவு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கு விண்ணப்பித்துக் கையில் வாங்கிய பிறகு, வீட்டு அடுப்பிலேயே இருபது தேங்காய் பன் போட்டு டீக்கடையில் கொடுங்கள் என்றேன். "விக்கலேன்னா?" என்றார். "அத்தா சாப்பிடுவாங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நேற்று முன்தினம் முதல் இருபது போயிற்று, பதிமூன்று விற்றது. ஏழை அத்தாவும் தம்பிமாரும் பார்த்துக்கொண்டார்கள்.

வயரிங் தம்பி அந்தத் தாயின் குளிர்சாதனப் பெட்டிக்கு மாதம் இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு கொடுத்து வருகிறார், இன்னும் நான்கு தவணை இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு எழுதவும் ஆசைப்படுகிறார். அதற்கு அனுபவம் வேண்டும், அனுபவத்திற்கு யாராவது கூட வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததைக் கேள்விப்பட்டு யாரும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர்கள் நம் ஜமாஅத்தில் மூன்று பேர் இருக்கிறீர்கள். குழாய் பதிக்கவும் சுவர் வெட்டவும் மட்டுமாவது ஒருவர் அவரை அழைத்துக்கொள்ள முடியுமா? தொழுகை முடிந்ததும் மிஹ்ராபுக்குப் பக்கத்திலேயே நான் இருப்பேன்.

வஸ்ஸலாம்.